கட்டைச் சக்கரமும் காற்றுச் சக்கரமும்

போன மாதம் பேரனை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் போயிருந்தோம். அங்கே ஒருவர் குண்டு டயர் வைத்த ஏ.டி.வி. வண்டிகளைச் சுற்றுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார். காடு, மேடு, சேறு எல்லாவற்றிலும் போகுமாம். பேரன் ஒரு சுற்று போய்வந்து, "தாத்தா, ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது" என்றான்.

வண்டிக்காரர் உள்ளதைச் சொல்லிவிட்டார். "முள்ளு குத்திப் பஞ்சர் ஆகுதுன்னு போன வருஷம் தடிமனான டயர் மாத்துனனுங்க. அதுல இருந்துதான் இப்படி. இன்ஜின்ல ஒரு குறையும் இல்லீங்க."

பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் ஆட்டோமொபைல் சொல்லிக்கொடுத்தவன் சும்மா இருப்பேனா? வண்டிமேல் வைக்கிற 10 கிலோ வேறு, சக்கரத்தின் விளிம்பில் ஏறுகிற 10 கிலோ வேறு என்று ஆரம்பித்துவிட்டேன். மேலே இருப்பதை நகர்த்தினால் போதும். விளிம்பில் இருப்பதை நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வேகம் பிடிக்கும்போது அந்த எடை ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கணக்காகும். பிரேக் போடும்போதும் அப்படியே. போதாததற்குக் கனத்த டயர் விறைப்பாக வேறு இருக்கும், கல்லில் ஏறும்போது வளைந்து கொடுக்காது. கரடுமுரடான ஏற்றத்தில் வேகம் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டியிருப்பதால் சின்ன இன்ஜின் திணறத்தான் செய்யும்.

இந்த வகை வண்டியை 1970-இல் அமெரிக்காவில் ஹோண்டா விற்பனைக்கு விட்டபோது அதற்கு மூன்றே சக்கரம். இன்ஜின் 7 குதிரைத்திறன். ஸ்பிரிங் கிடையாது. மெல்லிய பலூன் டயரில் ஏறத்தாழ 2 பவுண்டு காற்று, அவ்வளவுதான். நம் கார் டயரில் 30 பவுண்டு அடைக்கிறோம். அந்த மெத்தென்ற டயரே ஸ்பிரிங், அதுவே மணலில் புதையாத பாதமும்கூட. அது மெலிதாக இருந்ததில்தான் சூட்சுமம்.

அன்று இரவு எனக்கு எங்கள் வீட்டு மாட்டு வண்டி ஞாபகம் வந்துவிட்டது. காடு, வாய்க்கால், ஆற்று மணல், தார் ரோடு என்று எதிலும் போன வண்டி நம் ஊரில் அதுதானே. சக்கரம் என் தலையை மறைக்கும் உயரம். நடுவில் குடம், அதிலிருந்து ஆரங்கள், சுற்றிலும் கருவேல மரத்து வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை. பட்டை கட்டுகிற நாளில் பள்ளிக்கூடம் போகமாட்டேன். வரட்டி அடுக்கித் தீமூட்டி, பட்டை செக்கச்செவேலென்று ஆனதும் நான்கைந்து பேர் இடுக்கியால் தூக்கிவந்து வட்டையில் இறக்குவார்கள். உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கிக் கவ்வும்போது மரம் கிறீச்சிடும்.

அந்தச் சக்கரம் கனம்தான். ஆனால் மாடு நடக்கிற வேகத்தில், ஒருமுறை உருண்டுவிட்டால் சக்கரத்தின் கனம் பெரிய விஷயமில்லை. மாட்டை வாட்டியது ஒல்லியான இரும்பு சேற்றில் புதைவதும், ஒவ்வொரு கல்லிலும் குதித்து நுகத்தடி வழியாகக் கழுத்தில் இடிப்பதும்தான்.

அதற்கு மருந்து கண்டவர் ஒரு மாட்டு டாக்டர் என்பது எனக்குப் பிடித்த விஷயம். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியம் பார்த்த ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் செய்தார். முற்றத்தில் இரும்புச் சக்கரத்தையும் ரப்பர் சுற்றிய சக்கரத்தையும் உருட்டிப் பார்த்தார். இரும்பு பாதியில் சாய்ந்தது. ரப்பர் கோடி வரை ஓடி முட்டி நின்றது. 1888-இல் காப்புரிமை வாங்கினார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்து, அது செல்லாமல் போனது.

நம் நாட்டு டயர் கம்பெனிகள் மாட்டு வண்டிக்கென்றே ஒரு வகை டயர் போட்டன. அனிமல் டிரான் வெஹிக்கிள், சுருக்கமாக ஏ.டி.வி. தமிழில் எழுதினால் பேரன் ஓட்டியதற்கும் இதற்கும் ஒரே எழுத்து! ஆனால் எங்கள் பக்கம் புது டயர் வாங்கியவர்கள் குறைவு. பழைய லாரியின் அச்சும் தேய்ந்த டயரும்தான்.

1967-இல் எங்கள் அய்யனும் அப்படி ஒன்று மாட்டினார். கட்டைச் சக்கரத்தில் 10 மூட்டை ஏற்றுவார். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். உராய்வு பற்றிப் புதிதாகப் படித்த மிதப்பில் நோட்டில் கணக்குப் போட்டு, தார் ரோட்டில் இழுவை பாதிதான், 18 மூட்டை தாராளமாக ஏற்றலாம் என்று காட்டினேன். அய்யன் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மறுநாள் 18 ஏற்றினார்.

மேட்டில் மாடுகள் சிரமமில்லாமல் ஏறின. ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவில்தான் வினை. கட்டை வண்டி என்றால் அதன் முரட்டுத்தனமே பாதி பிரேக். மீதிக்கு இரும்புப் பட்டையில் உரசும்படி ஒரு மரக்கட்டையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். டயர் வண்டிக்கு அதைச் செய்யவில்லை. எளிதாக உருள்வது இறக்கத்திலும் எளிதாகத்தானே உருளும்? என் கணக்கில் இறக்கமே இல்லை. 18 மூட்டையும் பின்னாலிருந்து தள்ள, மாடுகள் ஓட ஆரம்பித்தன. இடப்பக்கத்து மயிலை முன்னங்கால் மடிந்து விழுந்தது.

முழங்கால் தேறவில்லை. சந்தைக்கு ஓட்டச் சொன்னவர்கள் உண்டு. அய்யன் விற்கவில்லை. நான்கு வருடம் கட்டுத்தறியில் தீனி தின்றுவிட்டு அது செத்தது.

கணக்கைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேறு மாடு பூட்டி அடுத்த நடைக்கு 12 மூட்டை ஏற்றினார். சரிவு வந்ததும் என்னை இறங்கச் சொல்லி, மூக்கணாங்கயிற்றைக் கையில் கொடுத்து, மாட்டுக்கு முன்னால் நடக்கவிட்டார்.