தூண்டாமணியும் கடதாசி விளக்கும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அரசர் பட்டியல்களையும் போர்க்களங்களையுமே பெரிதும் நாடுவர். நாள்தோறும் புழங்கும் சிறு பொருள்களும் வரலாறு கூறவல்லன. அவற்றுள் ஒன்று தொங்கு விளக்கு. விளக்கை உயரத்திலே தொங்கவிட்ட மனிதன் இரு வினாக்களுக்கு விடை காணவேண்டியவனானான். கைக்கெட்டாத சுடர் இடையறாது எரிவது எங்ஙனம்? அதன் ஒளி கண்ணைக் கூசச்செய்யாது பரவுவது எங்ஙனம்? முன்னைய வினாவுக்கு நம் நாட்டிலும் தமிழகத்திலும் கண்ட விடையையும், பின்னையதற்கு யப்பானியரும் டென்மார்க்கு நாட்டவரும் கண்ட விடையையும் ஈண்டு ஒப்புநோக்குவோம்.

கோயில்களிலே சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கின் பெயரே, அடிக்கடி தூண்டாமல் எரியவேண்டும் என்ற விருப்பத்தைக் காட்டுகின்றது. சோழர் காலத்தில் அவ்விருப்பம் ஓர் அறமுறையாகவே வளர்ந்தது. நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளப்பதற்கு 96 ஆடுகளோ, 48 பசுக்களோ, 16 எருமைகளோ ஈடாகக் கொள்ளப்பட்டமையைத் தஞ்சைப் பெரியகோயிற் சாசனங்களால் அறிகின்றோம். முதிர்ந்தும் இறந்தும் போகும் ஆடுகளின் இடத்தைக் குட்டிகள் நிரப்புமாதலின், அம்மந்தை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயருடன் விளக்கும் கால்நடையும் தானமாகப் பெற்றதை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் உரைக்கின்றன. விளக்கறம் சமய எல்லை கடந்து நின்றமைக்கு இது சான்றாகும்.

சுடரைக் காக்க அறமுறை ஒரு வழியெனில், கைத்திறன் மற்றொரு வழியாம். கேகாலை மாவட்டத்துத் தெதிகமவில், 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு எழுப்பிய தாதுகோபத்தை 1951இல் அகழ்ந்தபோது வெண்கல யானை விளக்கு கிடைத்தது. சங்கிலியில் தொங்கும் அவ்விளக்கின் எண்ணெய்த் தட்டிலே யானையொன்று நிற்கின்றது. யானையின் உடலே எண்ணெய்க் கலம். தட்டில் எண்ணெய் குறைந்ததும் காற்று கலத்தினுட் புகும். உள்ளிருக்கும் எண்ணெய் தட்டுக்கு இறங்கும். வேண்டிய மட்டம் வந்ததும் காற்றின் வழி அடைபட, ஒழுக்கு தானே நின்றுவிடும். கோழிகளுக்குத் தட்டிலே போத்தலைக் கவிழ்த்து நீர் வைப்பதும் இதே தத்துவமன்றோ!

மின்சாரம் வந்தபின் முதல் வினா மறைந்தது. இரண்டாவது வினா பெருத்தது. குறையொளியன்று, மிகையொளியே தொல்லையாயிற்று. மூங்கிற் சட்டத்திலே மெல்லிய கடதாசியைப் போர்த்தி ஒளியைத் தணிக்கும் கலை யப்பானில் நெடுங்காலம் வழங்கியது. 1854இன் பின் யப்பானியத் துறைமுகங்கள் மேல்நாட்டாருக்குத் திறக்கப்பட, அந்நாட்டுக் கலைகள் ஐரோப்பாவை ஈர்த்தன. டென்மார்க்குக் கட்டடக் கலைஞர் யென்சன் கிளிண்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணெண்ணெய் விளக்கொன்றுக்குக் கடதாசியை மடித்து மறைப்புச் செய்தார். யப்பானியரின் கடதாசி மடிப்புக் கலையை நினைவூட்டும் அம்மறைப்பு குடும்பக் கைத்தொழிலாகி, 1943இல் லெ கிளிண்ட் நிறுவனமாயிற்று. அடுத்த ஆண்டு அவர் மைந்தர் கோரே கிளிண்ட் உருண்டைத் தொங்கு விளக்கொன்றை அமைத்தார். அந்நாட்டவரான போல் என்னிங்சன், மின்குமிழ் கண்ணுக்கு நேரே தோன்றாதவாறு மூன்று மறைப்புகளை அடுக்கிய விளக்கை 1926இல் உருவாக்கியிருந்தார். யானை விளக்கு வெளிப்பட்ட அதே 1951இல், யப்பானியத் தந்தைக்கு அமெரிக்காவிற் பிறந்த இசாமு நொகுச்சி, கிஃபு நகரத்துக் கடதாசி விளக்கைக் கண்டு, மின்குமிழுக்கேற்ற 'அக்காரி' விளக்குகளைப் படைக்கத் தொடங்கினார்.

இவர்கள் பழைய உருவை அப்படியே பெயர்த்தாரல்லர். கிளிண்ட் மடிப்பைக் கொண்டு, நீண்ட மாரியிரவுடைய தம் நாட்டு இல்லங்களுக்கு இசையும் விளக்கைப் படைத்தார். நொகுச்சி மூங்கிலையும் கடதாசியையும் கொண்டு புதிய உருவங்களை ஆக்கினார். தத்துவத்தைக் கொண்டு உருவைத் தம்மதாக்குவதே உயிருள்ள கலப்பாகும்.

நம் நிலை யாது? கோயிலும் பள்ளிவாசலும் அண்மையிலிருக்கும் கல்முனைக் கரையிலே, பழைய தொங்கு விளக்குகள் பித்தளை விலைக்கு நிறுக்கப்படுகின்றன. மறைப்பில்லா மின்குமிழின் கீழே நம் பிள்ளைகள் கண்கூசப் படிக்கின்றனர். ஒரு வினாவுக்கு விடை கண்டோரின் வழிவந்த நாம் மற்றதை எண்ணாதிருத்தல் தகுமா? நம் பனையோலையும் புற்பாயும் ஒளியைத் தணிக்க உதவாவா? விஞ்ஞான ஆசிரியர் போத்தலும் தட்டும் கொண்டு யானை விளக்கின் தத்துவத்தை விளக்கட்டும். சித்திர ஆசிரியர் ஓலையை மடித்து ஒரு மறைப்புச் செய்யக் கற்பிக்கட்டும். வரலாற்றுப் பாடம் அவ்வகுப்புகளிலேதான் நிறைவெய்தும்.