போட்ட கோட்டைப் பிடிப்பது எப்படி?

கணினித் திரையில் கோடு போடுவது சுலபம். போட்ட கோட்டை மறுபடி பிடிப்பதுதான் பாடு. வரைகலை மென்பொருள்களின் அறுபது ஆண்டு வரலாற்றில் பெரும்பங்கு இந்தப் பாட்டைக் குறைக்க நடந்த முயற்சிதான்.

1963-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இவான் சதர்லாண்ட் தன் முனைவர் பட்டத்துக்காக 'ஸ்கெட்ச்பேட்' நிரலை உருவாக்கினார். டிஎக்ஸ்-2 கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். பேனா சற்று விலகி நின்றாலும், கோட்டின் மேலேயே வைத்ததாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அதில் இருந்தது. ஓர் அறுகோணத்தை மூலப்படமாக வரைந்து, அதன் நகல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டித் திரையெங்கும் பரப்பினார். பிறகு மூலத்தில் மட்டும் கைவைத்து வளைவுகளாக மாற்றினார். அத்தனை நகல்களும் மாறி, பரப்பு முழுவதும் மீன் செதில்களாகிவிட்டது.

1984-இல் மெக்கின்டாஷ் கணினி வந்தபோது வழி இரண்டாகப் பிரிந்தது.

பில் அட்கின்சன் எழுதிய மேக்பெயின்டில் எல்லாமே புள்ளிகள். வட்டத்தின் மேல் கோடு கிழித்தால் இரண்டும் கலந்துவிடும். அதனால் அவர் ஒரு சுருக்குக்கயிறு கொடுத்தார். படத்தைச் சுற்றித் தாராளமாக வளைத்தால் போதும், கயிறு தானே இறுகி விளிம்போடு ஒட்டிக்கொள்ளும். தேர்ந்த பகுதியைச் சுற்றி எறும்புகள் போலப் புள்ளிக்கோடு ஊரும்.

இன்னொரு நிரலான மேக்டிராவிலோ வட்டம் வட்டமாகவே, கோடு கோடாகவே நினைவில் நிற்கும். தொட்டால் ஓரங்களில் சிறு கருப்புச் சதுரங்கள் முளைக்கும். பல உருவங்களை க்ரூப் செய்தால் ஒன்றாக நகரும். உள்ளே ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் அன்க்ரூப் செய்து, திருத்தி, மறுபடி கட்ட வேண்டும். இடையில் ஓர் உருப்படி விடுபட்டால் போச்சு.

கட்டை அவிழ்க்காமலே உள்ளே கைவிடும் வழியை அடுத்து வந்தவை தந்தன. 1987-இல் பிறந்த இல்லஸ்ட்ரேட்டரில் பின்னர் சேர்ந்த க்ரூப் செலக்‌ஷன் கருவி முதல் கிளிக்கில் உருவத்தையும், இரண்டாவதில் அதன் குழுவையும், மூன்றாவதில் வெளிக்குழுவையும் பிடிக்கும். கோரல்டிராவில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி கிளிக் செய்தாலே போதும். தமிழ்நாட்டின் கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் கடைகளுக்கு அது பழகிப்போன விரல் வேலை. பிள்ளையார், பூ பார்டர், மணமக்கள் பெயர் எல்லாவற்றையும் கண்ட்ரோல் ஜி போட்டுக் கட்டிய பிறகுதான் மாமா பெயருக்கு இனிஷியல் விட்டுப்போனது தெரியவரும்.

புள்ளிப் படங்களின் பக்கமும் வேலை நிற்கவில்லை. 1990-இல் வந்த ஃபோட்டோஷாப்பின் மந்திரக்கோல் ஒத்த நிறத்தைப் பிடித்தது. 1995-இல் மார்ட்டென்சன், பாரெட் என்ற ஆராய்ச்சியாளர்கள் மவுஸ் போகும் வழியில் விளிம்பைத் தானே தேடும் முறையை வெளியிட்டார்கள். 2019 கடைசியில் ஒரு கட்டம் போட்டாலே ஆளைப் பிரித்தெடுக்கும் கருவி ஃபோட்டோஷாப்பில் சேர்ந்தது. பறக்கும் தலைமுடியும் கண்ணாடி டம்ளரும் வந்தால் மட்டும் டிசைனர் இன்றும் பிரஷ்ஷை எடுத்து தேர்ந்த பகுதியைக் குறிக்கும் மாஸ்க்கைக் கையால் திருத்துகிறார்.