விளம்பரமே வேண்டாம்னு சொன்ன அம்மணி

என் நண்பன் ஒருத்தன் காதல் நாவல் எழுதினான். சொந்தக் காசைப் போட்டு 300 காப்பி அடிச்சான். இப்ப அவன் கட்டிலுக்கு அடியில 240 காப்பி நிம்மதியா தூங்கிட்டு இருக்கு. 'புத்தகத்தைப் பத்திப் பேசாதே, உன்னைப் பத்திப் பேசு. காலேஜ் முடிச்சதும் பைக்ல லடாக் போனியே, அந்தப் போட்டோ எல்லாம் எடுத்துப் போடு, தானா விக்கும்'னு யாரோ அவனுக்கு ஐடியா குடுத்திருக்காங்க. போன ஞாயித்துக்கிழமை வந்து புலம்பினான். "கதை நடக்கிறது கும்பகோணத்துல. அதுக்கும் லடாக்குக்கும் என்னடா சம்பந்தம்?"

நியாயமான கேள்விதான். எனக்கு உடனே ஞாபகம் வந்தது ஜார்ஜெட் ஹேயர். நம்ம பக்கம் அவ்வளவா தெரியாத பேர். ஆனா ஆங்கிலக் காதல் நாவல்களில் 'ரீஜென்சி ரொமான்ஸ்' என்று ஒரு தனி வகையே இருக்கிறதே, 1811 முதல் 1820 வரையிலான இங்கிலாந்துப் பிரபுக்கள், குதிரை வண்டி, நடன விருந்து என்று போகும் கதைகள், அந்த வகைக்கு அஸ்திவாரம் போட்டவர் இவர்தான். அம்மணியின் விசேஷம் என்னவென்றால், லடாக்கை எல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பயண அனுபவம் கைவசம் இருந்தும், அதை வைத்து ஒரு புத்தகத்தைக்கூட விற்க முயலவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

1902-ல் லண்டன் பக்கத்தில் விம்பிள்டனில் பிறந்தவர். தம்பி போரிஸுக்கு ஹீமோஃபீலியா. அதாவது அடிபட்டால் ரத்தம் லேசில் உறையாது. படுத்தே கிடக்கும் தம்பிக்குப் பொழுது போகட்டும் என்று 17 வயசில் அக்கா ஒரு கதை கட்டிச் சொன்னார். அப்பாவுக்கு அது பிடித்துப்போய், புத்தகமாகப் போடச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 1921-ல் 'தி பிளாக் மாத்' வெளிவந்தபோது அம்மணிக்கு வயது 19. முதல் வாசகன் நோயாளித் தம்பி, முதல் ரசிகர் அப்பா. விளம்பரச் செலவு பூஜ்யம்!

1925-ல் அந்த அப்பா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். பென்ஷன் கிடையாது. 19 வயசில் ஒரு தம்பி, 14 வயசில் ஒரு தம்பி. குடும்பச் சுமை 22 வயசுப் பெண் தலையில். அப்பா இறந்து இரண்டு மாதத்தில், ஏற்கெனவே நிச்சயமாகியிருந்த ரொனால்ட் ரூஜியேவுடன் கல்யாணம். மாப்பிள்ளை சுரங்க இன்ஜினியர். நம்ம ஜாதிதான், ஆனால் ஏசி ரூம் கிடையாது, கனிமம் தேடிக் காடு காடாய்ச் சுற்றும் வேலை :-)

அடுத்த வருஷம், 1926-ல், 'தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்' என்ற நாவல் வந்தது. இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம் நடந்த வருஷம் அது. வேலைநிறுத்தக் களேபரத்தில் இந்தப் புத்தகத்துக்கு விமர்சனமும் வரவில்லை, விளம்பரமும் வரவில்லை, அப்படியும் 1,90,000 பிரதிகள் விற்றது என்று வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். ஹேயர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: நான் வாயைத் திறக்காமலே விக்குதே, அப்புறம் எதுக்குத் திறக்கணும்?

எனக்குள்ளே இருக்கிற இன்ஜினியர் இங்கே கொஞ்சம் முரண்டு பிடிக்கிறான். பொது வேலைநிறுத்தம் நடந்தது மே 3 முதல் 12 வரை, ஒன்பதே நாள். சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும்தான் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார்கள். ஒன்பது நாளை வைத்துக்கொண்டு விற்பனைக் கணக்கு முழுக்க விளக்க முடியுமா? ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதை வைத்து ஆயுசுக்கும் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்ட கதை இது. ஆனால் அம்மணி கடைசிவரை அந்தக் கொள்கையை விடவில்லை.

அப்புறம் கணவர் பின்னாடியே ஆப்பிரிக்கா. அப்போது டாங்கனிக்கா, இப்போது தான்சானியா. நடுக்காட்டில், ஆள் உயரத்துக்கு மேல் வளரும் யானைப்புல்லால் கட்டிய குடிசையில் குடித்தனம். அங்கே வேலை பார்த்தவர்கள் அதற்கு முன்னால் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்ததே இல்லையாம். வெளியே காண்டாமிருகம் உலவுகிற ஊர். லைப்ரரி கிடையாது.

அந்தக் குடிசையில் உட்கார்ந்து அவர் எழுதியது என்ன? சிங்கக் கதையா? இல்லை. 1745-ம் வருஷத்து இங்கிலாந்துக் கதை! அரசியல் ஆபத்திலிருந்து தப்பிக்க சகோதரன் பெண் வேஷத்திலும் சகோதரி ஆண் வேஷத்திலும் திரிகிற 'தி மாஸ்கரேடர்ஸ்' (1928). அதில் காலப்பிழை என்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதானாம், லண்டன் கிளப் ஒன்று திறந்த வருஷத்தில் ஒரு வருஷ வித்தியாசம். புல் குடிசைக்குள், மனசில் இருந்த லண்டனை வைத்தே எழுதி முடித்திருக்கிறார். நமக்கு நெட் ஒரு மணி நேரம் போனால் ஒரு வரி ஓடாது.

1928-ல் கணவருக்கு மாசிடோனியாவில் வேலை, இவரும் கூடவே போனார். அங்கே பல் டாக்டர் மயக்க மருந்தைச் சரியாகக் கொடுக்காததில் உயிர் போய்த் திரும்பி வந்தது. போதும்டா சாமி, குழந்தை குட்டி என்றால் ஊரில்தான் என்று 1929-ல் இங்கிலாந்து திரும்பிவிட்டார்கள். கணவர் சுரங்கத்தை விட்டு, விளையாட்டுச் சாமான் கடை வரை வைத்துப் பார்த்து, கடைசியில் வக்கீல் ஆனார். அதுவரை வீட்டுக்குக் கஞ்சி ஊற்றியதில் பெரும் பங்கு அம்மணியின் பேனாவுக்குத்தான்.

இவ்வளவு அனுபவம் கையில். 1929-ல் 'தி ஸ்பியர்' பத்திரிகையில் காண்டாமிருகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆனால் ஆப்பிரிக்காவைக் களமாக வைத்து ஒரு நாவல் கிடையாது. 'புல் குடிசையில் பிறந்த காவியம்' என்று அட்டையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. பேரும் புகழும் வந்தபிறகு பேட்டி என்று வந்தவர்களுக்குக் கதவு சாத்தியே கிடந்தது. வாசகர் கடிதத்தில் சரித்திர விவரம் ஏதாவது கேட்டிருந்தால் பதில் போவதுண்டு, சொந்த விஷயம் கேட்டால் போகாது. உழைப்பெல்லாம் எழுத்தில் மட்டும்தான். உடை, வண்டி, மூக்குப்பொடி டப்பி என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பெடுத்து வைத்திருந்தார். வெலிங்டன் எப்படி எழுதுவார் என்று தெரிந்துகொள்ள அவருடைய அசல் கடிதம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினார். வாட்டர்லூ போரை வைத்து எழுதிய 'அன் இன்ஃபேமஸ் ஆர்மி' (1937), ராணுவப் பயிற்சிக் கல்லூரியில் பாடத்துக்குப் பயன்பட்டது என்று சொல்வார்கள்.

இதற்கு நேர் எதிர் பார்பரா கார்ட்லேண்ட். பிங்க் உடை, டிவி, பேட்டி என்று தானே நடமாடும் விளம்பரமாக வாழ்ந்தவர், 700-க்கு மேல் புத்தகம் எழுதியவர். 1950-ல் ஒரு வாசகர், கார்ட்லேண்ட் நாவல்களில் உங்கள் சரக்கு இருக்கிறதே என்று ஹேயருக்கு எழுதிப்போட்டார். ஹேயர் வரிவரியாக ஒப்பிட்டு, பாத்திரப் பெயர் முதல் சரித்திரத் தகவல் வரை பட்டியல் போட்டு வக்கீலிடம் கொடுத்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. அப்போதுகூடப் பத்திரிகையைக் கூட்டி அவர் ஒப்பாரி வைக்கவில்லை.

மௌனத்துக்கு விலை இல்லாமலா? இருந்தது. பெரிய விமர்சகர்கள் அநேகமாக இவரைக் கண்டுகொள்ளவே இல்லை. 1974-ல் வந்த பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் அகதா கிறிஸ்டி இருக்கிறார், ஹேயர் இல்லை. அதே 1974 ஜூலையில் அவர் இறந்தபோது 48 நாவல்கள் கடைகளில் இருந்தன, 19 வயசில் வெளிவந்த முதல் நாவல் உட்பட. திருமதி ரூஜியே என்ற அவருடைய குடும்பப் பெயரே இரங்கல் செய்தியைப் படித்துத்தான் வாசகர்கள் பலருக்குத் தெரிந்தது. அவர் பிறந்த வீட்டில் நினைவுப் பலகை வைத்தது 2015-ல்.

நான் சொல்ல வந்தது கடைசியில்தான் வருகிறது. வந்த ரசிகர் கடிதங்களில் ஹேயர் பத்திரமாக வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான் என்கிறார்கள். எழுதியவர் ருமேனியாவில் அரசியல் கைதியாகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்த ஒரு பெண். கையில் புத்தகம் கிடையாது. முன்பு எப்போதோ படித்த 'ஃப்ரைடேஸ் சைல்ட்' (1944) நாவலை ஞாபகத்திலிருந்து கூட இருந்த கைதிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி, தானும் பைத்தியம் பிடிக்காமல் இருந்து, அவர்களையும் காப்பாற்றியிருக்கிறார். படுக்கையில் கிடந்த தம்பிக்குச் சொல்ல ஆரம்பித்த கதை, சிறைக்குள்ளே போய் அதே வேலையைச் செய்திருக்கிறது.

எந்த விளம்பரம் இதைச் செய்யும், சொல்லுங்க?

அதுக்காக யாரும் விளம்பரமே பண்ணாதீங்கன்னு சொல்ல வரலை. ஹேயருக்கு ஆரம்பத்திலேயே வாசகர்கள் கிடைச்சுட்டாங்க, அந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வாய்க்காது. கட்டிலுக்கு அடியில 240 காப்பி இருக்கிறவனுக்கு மௌனம் ஒரு ஆடம்பரம். நண்பன்கிட்ட சொன்னது இதுதான்: "புத்தகத்தைப் பத்தித் தாராளமா பேசுடா. கும்பகோணத்தைப் பத்திப் பேசு. லடாக் உன்னோடது, அது உன்கிட்டயே இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் கேட்டான், "நீ என் நாவலைப் படிச்சியா?"

பி.கு: 239 ஆச்சு. இன்னைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன்.