படிக்கட்டும் வலியும்

'இம்பேர்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர், 'இன்னும் மோசமான' என்று பொருள்படும் லத்தீன் சொல். கண், காது, கால், நினைவு எதன் ஆற்றல் குறைந்தாலும் இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். உடல் மோசமாகிவிட்டது என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது.

1970களில் பிரிட்டனில் அதற்குப் புது வேலை கிடைத்தது. காப்பகங்களில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று பால் ஹன்ட் 1972இல் 'கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து உருவான அமைப்பு 1976இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இரண்டு சொற்களைப் பிரித்தது. உடலில் இருப்பது 'இம்பேர்மெண்ட்'. அந்த உடலோடு வாழ்பவரை வெளியே நிறுத்தும் சமூக ஏற்பாடு 'டிஸெபிலிடி'. கால் நடக்காதது முதலாவது, பேருந்தில் ஏற வழியில்லாதது இரண்டாவது. மைக் ஆலிவர் 1983இல் இந்தப் பார்வைக்குச் 'சமூக மாதிரி' என்று பெயரிட்டார். குற்றவாளி என் கால் அல்ல, உங்கள் படிக்கட்டு என்று சொல்ல முடிந்தது பெரிய விடுதலை.

ஆனால் படிக்கட்டைப் பற்றியே பேசியதில் வலி பேச்சிலிருந்து விழுந்துவிட்டது. ஜென்னி மோரிஸ் 1991இல் எழுதிய நூலில் இதைத் தொட்டார். வலியையும் நோயையும் சாவின் பயத்தையும் தனிப்பட்ட விஷயம் என்று ஒதுக்குவது, பெண்ணியம் எதிர்த்து நின்ற அதே பழக்கம் அல்லவா? அவர் தொகுத்து 1996இல் வந்த பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் லிஸ் குரோ இன்னும் வெளிப்படையாக எழுதினார். எல்லாத் தடைகளையும் அகற்றிய பிறகும் சிலருக்கு வலி இருக்கும், களைப்பு இருக்கும். அவர் சமூக மாதிரியைக் கைவிடச் சொல்லவில்லை, அதற்குள் உடலுக்கும் இடம் கேட்டார். வலியைப் பேசினால் 'ஐயோ பாவம்' என்பவர்களுக்கு வாய்ப்பாகிவிடும் என்ற அச்சம் இயக்கத்தில் இருந்தது. அது வெற்று அச்சமல்ல. ஆனாலும் 'முதலில் புரட்சி, பெண் பிரச்சினை அப்புறம்' என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தொனி புதிதல்ல.

அந்தப் பிரிப்பு இங்கேயும் வந்தது. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையை ஒட்டி இயற்றப்பட்ட நம் 2016ஆம் ஆண்டுச் சட்டம், உடலின் நிலையும் வெளியிலுள்ள தடையும் சேரும் இடத்தில்தான் 'டிஸெபிலிடி'யை வைக்கிறது. தமிழில்தான் சிக்கல். 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது நல்லதே. ஆனால் திறனை மட்டுமே பேசும் அந்தச் சொல்லில் படிக்கட்டும் இல்லை, வலியும் இல்லை.

குரோவின் கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தபோது 'குறைபாடு' என்று எழுதினேன். லத்தீனின் பழைய தீர்ப்பு திரும்பி வந்தது. அடித்தேன். முடக்குவாதத்தில் விரல் மடங்காமலே மாவு பிசையும் பெண்கள், என்றாவது ஒருநாள் வாய்விட்டுச் சொல்லும் 'முடியல' நினைவுக்கு வந்தது. தீர்ப்பில்லாத சொல். 'முடியாமை' என்று எழுதிப் பார்த்தேன். அதுவோ வலியால் முடியாததையும் வழியில்லாமல் முடியாததையும் மறுபடி ஒன்றாக ஒட்டிவிடுகிறது. இப்போதைக்கு 'இம்பேர்மெண்ட்' என்றே விட்டிருக்கிறேன்.