முருகைக்கல்லும் மண்மூடையும்

துவக்கிலிருந்து ரவையை எடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே குறிபார்த்து விசையை இழுத்துப் பழகும் வழக்கம் குறிசுடும் வீரர்களிடம் உண்டு. வெறும் துவக்குத்தானே என்ற நினைப்பில் உயிர்கள் போயிருக்கின்றன. அதனால் குழல் பார்க்கும் பக்கத்தில், தவறி ஒரு ரவை புறப்பட்டாலும் அதை நிறுத்தக்கூடிய தடுப்பு இருக்கவேண்டும் என்பது விதி. எங்கள் யாழ்ப்பாணத் தீவுகளில் தடுப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவை இரண்டு: முருகைக்கல்லும் மணலும்.

நெடுந்தீவில் வளவுக்கு வளவு முருகைக்கல் மதில்தான். சாந்து கிடையாது, கல்மேல் கல்லாக அடுக்கியது. ஆடுமாட்டை மறிக்க நல்ல வேலி. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குக் கல் இடுக்கு, அதனூடாக அடுத்த வளவு தெரிகிறது. ரவை இடுக்கில் போனால் அப்பால் நிற்பவரைத் தொடும். கல்லில் பட்டால் சில்லுகள் தெறிக்கும், ரவையும் திசை மாறிப் பாயும்.

அப்படியென்றால் முருகைக்கல்லில் எழுந்த கோட்டைகள் எப்படி நின்றன? யாழ்ப்பாணக் கோட்டை 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை முற்றுகையைத் தாங்கியது. கல் ஒரு காரணம், தடிப்பு இன்னொரு காரணம். எனக்குப் பெரிதாகப் படுவது, இரு கற்சுவர்களுக்கு நடுவே அடைத்திருக்கும் மண். கோட்டை கட்டியவர்களும் கல்லை மட்டும் நம்பவில்லை.

மணலின் அருமை போர்க்காலத்தில் பங்கர் (பதுங்குகுழி) வெட்டிய தலைமுறைக்குத் தெரியும். வாசலில் நேரே சன்னம் நுழையாதபடி 'ட' வடிவில் கிடங்கு, மேலே பனங்குற்றி, அதன்மேல் உரப்பையில் நிரப்பிய மண். நெடுந்தீவில் இரண்டு அடி வெட்டுமுன்னே பாறை தட்டும். அல்லைப்பிட்டி, மண்டைதீவுப் பக்கம் மணல் தாராளம். ரவை மணலுக்குள் நுழைந்ததும் ஆயிரம் மணிகள் உரசி அதன் வேகத்தைத் தின்றுவிடும். தெறிப்பும் இல்லை, சில்லும் இல்லை. இராணுவ முகாம்களில் காவல் முடித்து வருபவர், மணல் நிரப்பிய பீப்பாய்க்கு நேரே குழலைப் பிடித்துத்தான் துவக்கை வெறுமையாக்குவார்.

மணலுக்கும் குறை உண்டு. நனைந்த மணலில் ரவை கூடுதல் ஆழம் போகும். வெயிலில் பொலித்தீன் பை நைந்து கிழியும். ஐப்பசி மழைக்கு முன் மூடி வைக்காவிட்டால் பயனில்லை. இதெல்லாம் ரவைக்கான கணக்கு மட்டுமே. 2006 ஓகஸ்ட் 13இல் அல்லைப்பிட்டி பிலிப் நேரியார் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தவர்கள்மேல் ஷெல் விழுந்தபோது சுவர் அவர்களைக் காக்கவில்லை.

என் தீர்ப்பு மணல் பக்கம். அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ரவைகளை வேறு அறையில் பூட்டுங்கள், குழலறையைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள், பிறகு காய்ந்த மணல் இறுக்கிய தடித்த மூடை அடுக்கை நோக்கி மட்டும் விசையை இழுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறைச் சுவரை நோக்கி ஒருபோதும் வேண்டாம்.