வலியுணராப் பாதங்களுக்கான காலணி: வேலூர், கரிகிரி மறுவாழ்வுப் பணிகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நெடுநேரம் நின்றும் நடந்தும் உழைப்போர் தமக்கு ஏற்ற காலணியைத் தம் பாதத்தின் உணர்வைக் கொண்டே தெரிவு செய்கின்றனர். தொழுநோயால் உணர்விழந்த பாதத்தை உடையோர்க்கு இவ்வழி இல்லை. 1940களின் பிற்பகுதி முதல் 1960களின் நடுப்பகுதி வரை வேலூரிலும் கரிகிரியிலும் நடைபெற்ற மறுவாழ்வுப் பணிகள் இச்சிக்கலை எதிர்கொண்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. காலணியின் தகுதியை அணிபவரின் உணர்விலிருந்து பிரித்து, பாதத்தின் மீது விழும் அழுத்தத்தைக் கொண்டு மதிப்பிடும் முறை இப்பணிகளில் உருப்பெற்றது. எனினும், அழுத்தத்தைத் தணித்த அதே காலணி அணிபவரை ஊரார்க்கு அடையாளம் காட்டியும் கொடுத்தது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்து நோக்கும்போதே பாதுகாப்பான காலணி என்பதன் பொருள் முழுமை பெறும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தொழுநோய், உணர்விழப்பு, எம்.சி.ஆர். காலணி, வேலூர், கரிகிரி, மறுவாழ்வு, நீரிழிவுப் பாதம்.

முன்னுரை

காலணி வாங்குபவர் கடையிலேயே நான்கடி நடந்து பார்க்கிறார். விரல் நெருக்குண்கிறதா, குதிகால் உரசுகிறதா, வார் அழுத்துகிறதா என்பவற்றைப் பாதமே அவருக்குத் தெரிவித்துவிடுகிறது. நாள் முழுதும் நிற்க நேர்பவர், தம்மையறியாமலே ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு உடற்சுமையை மாற்றுகிறார். கொப்புளம் எழுந்தால் நொண்டி நடக்கிறார். இச்செயல்கள் யாவும் வலியின் ஆணைப்படி நிகழ்பவை.

உழைப்போர் காலணிக்குத் தமிழில் நெடிய சான்று உண்டு. செருப்பைத் தொடுதோல் என்று குறிக்கும் சங்க இலக்கியத்தில், அதனைத் தொடர்ந்து அணிந்ததால் வடுவேறிய ஆயனது அடியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அவ்வடு, உரசலுக்கு ஈடுகொடுத்துத் தோல் தன்னை வலுப்படுத்திக்கொண்டதன் தடம். உணர்வுள்ள பாதத்திற்கும் காலணிக்கும் இடையே இத்தகைய உடன்பாடு நாளடைவில் ஏற்படுகிறது. உணர்வற்ற பாதத்தில் இவ்வுடன்பாடு ஏற்பட வழியில்லை. வடு உருவாக வேண்டிய இடத்தில் புண் உருவாகிறது.

தொழுநோய்க் கிருமி தோலையும் புற நரம்புகளையும் தாக்குவது. கணுக்காலின் உட்புறத்தே செல்லும் நரம்பு பாதிக்கப்படும்போது உள்ளங்கால் தன் உணர்வை இழக்கிறது. 1940களில் சல்ஃபோன் வகை மருந்துகள், குறிப்பாக டாப்சோன், பயன்பாட்டிற்கு வந்தபின் நோயைத் தடுத்து நிறுத்துவது இயல்வதாயிற்று. ஆனால் அழிந்த நரம்பு மீளவில்லை. நோய் நீங்கியவர் உணர்வற்ற பாதங்களுடனே ஊருக்குத் திரும்பி, வயலிலும் சாலையிலும் உழைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. காலணி குறித்த கேள்வி எழுந்தது இச்சூழலில்தான்.

புண்ணின் காரணம்

பால் பிராண்ட் 1914இல் கொல்லிமலையில் மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்திற்கு, அங்குப் பணியாற்றிய தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் சென்றது அவரது ஆய்வின் போக்கை மாற்றியது. மடங்கிய விரல்களைச் சீராக்கும் கை அறுவை மருத்துவத்தோடு சேர்த்தே அவர் பெயர் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் நோயாளிகள் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பக் காரணமாக இருந்தவை உள்ளங்காலில் தோன்றிய ஆறாப் புண்களே.

தொழுநோயரின் சதை தானே அழுகும் இயல்புடையது, எனவே புண் ஆறாது என்னும் நம்பிக்கை பொதுமக்களிடம் மட்டுமன்றி மருத்துவர்களிடமும் நிலவியது. இதற்கு எதிரான சான்று மாவுக்கட்டு மருத்துவத்திலிருந்து கிடைத்தது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பாலும் இந்தியாவில் ஜோசப் கானும் 1930களிலேயே, புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டிட்டு நோயாளியை நடமாடவிட்டு மருத்துவம் செய்தனர். பாதம் முழுவதும் கட்டோடு ஒட்டியிருந்ததால் உடற்சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவியது, புண்ணும் ஆறியது. வேலூரிலும் இம்முறை பயன்பட்டது. கட்டுக்குள் ஆறும் சதை, கட்டைப் பிரித்தபின் மீண்டும் புண்ணாகிறதெனில், குறை சதையில் இல்லை. நடையில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

இவ்வாய்வுகளின் வழியே புண்ணுக்கான விசைகள் மூவகையாகப் பிரித்தறியப்பட்டன. முதலாவது, இறுக்கமான காலணியில் நிகழ்வது போன்ற, குறைந்த அளவிலான இடைவிடாத அழுத்தம். இது குருதியோட்டத்தைத் தடுத்துத் தோலை மடியச் செய்கிறது. இரண்டாவது, முள், ஆணி, கண்ணாடித்துண்டு ஆகியவற்றால் ஒரே கணத்தில் ஏற்படும் காயம். மூன்றாவது, நடக்கும்போது முன்பாதத்தின் எலும்பு முனைகளின் கீழ் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப விழும் நடுத்தர அழுத்தம். ஓரடியில் எவ்விதத் தீங்கும் செய்யாத இவ்வழுத்தம், ஓய்வின்றித் தொடரும்போது தசையில் அழற்சியை உண்டாக்குகிறது. உணர்வுள்ளவர் இந்நிலையில் நடையை மாற்றிக்கொள்வார் அல்லது அமர்ந்துவிடுவார். உணர்வற்றவர் அதே நடையைத் தொடர்வார். எனவே அழுத்தத்தின் அளவைப் போலவே அதன் எண்ணிக்கையும் முதன்மை பெறுகிறது.

காலணிப் பட்டறை

தொழுநோயர் மறுவாழ்வுக்கென வேலூரில் புதுவாழ்வு மையம் 1950களின் தொடக்கத்தில் இயங்கியது. 1955இல் கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. வேலூரைச் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர்கள். தோலும் தோல்வேலை அறிந்தோரும் அருகிலேயே இருந்தும், வழக்கிலிருந்த தோல்செருப்பு இச்சிக்கலுக்குத் தீர்வாகவில்லை. அடித்தோலை இணைக்க அறையப்பட்ட ஆணி தேய்மானத்தில் மேலெழுந்து பாதத்தைத் துளைத்தது. விரலிடுக்கில் செல்லும் வாரும் பெருவிரல் வளையமும் அவ்விடங்களைப் புண்ணாக்கின. விரல்களால் பற்றி நடக்க வேண்டிய செருப்பு, உணர்வும் தசைவலிவும் குன்றிய பாதத்திலிருந்து அணிந்தவர் அறியாமலே கழன்று விழுந்தது.

மரக்கட்டைக் காலணி, மெழுகு வார்ப்பு, நெகிழிப் பொருள்கள் எனப் பலவும் முயன்று பார்க்கப்பட்டன. இறுதியில் நிலைபெற்றது, நுண்ணிய காற்றறைகள் செறிந்த மைக்ரோ செல்லுலார் ரப்பர். இன்று தமிழகத்தில் எம்.சி.ஆர். செருப்பு என்றே அது வழங்கப்படுகிறது. ஷோர் அளவையில் ஏறத்தாழ 15 பாகைக் கடினமுடைய இந்த ரப்பர், பாதத்தின் மேடுபள்ளங்களுக்கேற்ப அமுங்கி, உடற்சுமையை அகன்ற பரப்பில் பகிர்கிறது. இதனினும் மென்மையான பொருள் சில நாள்களில் தட்டையாகிவிடும். கடினமான பொருள் எலும்பு முனைகளுக்கு இடங்கொடாது. உள்தளம் மென்மையாகவும், முள்ளும் ஆணியும் ஊடுருவாதபடி வெளித்தளம் வலிமையாகவும் இருத்தல் வேண்டும் என்பது அடிப்படை விதியாயிற்று. வெளித்தளத்திற்குப் பழைய வண்டிச் சக்கரங்களின் டயர் ரப்பர் பயன்பட்டது. ஆணிக்கு மாற்றாகப் பசையும் தையலும் கையாளப்பட்டன. குதிகாலைச் சுற்றிய வார் சேர்க்கப்பட்டது; விரலிடுக்கு வார் நீக்கப்பட்டது.

எல்லாப் பாதத்திற்கும் ஒரே காலணி பொருந்தாது என்பதும் பட்டறைப் பட்டறிவால் அறியப்பட்டது. உணர்விழந்தும் உருக்குலையாத பாதத்திற்கு மென்தளச் செருப்பே போதும். புண் ஆறிய தழும்புள்ள பாதத்திற்கு, அதன் வடிவத்திற்கேற்ப வார்க்கப்பட்ட உள்தளம் தேவை. குறுகிச் சிதைந்த பாதத்திற்கு, வளையாத அடித்தளத்துடன் முன்புறம் மேல்நோக்கி வளைந்த காலணி வேண்டும். அவ்வளைவு, அடியெடுத்து வைக்கையில் தொட்டில் போல உருண்டு, விரல் மூட்டுகளின்மீது சுமை குவியாமல் பாதத்தை முன்னகர்த்தும்.

காலணியின் பொருத்தத்தைச் சோதிக்கும் முறையும் மாறியது. அணிபவர் நன்றாக இருக்கிறது என்று சொல்வது சான்றாகக் கொள்ளப்படவில்லை. உணர்வு குன்றியோர் காலில் காலணி இருப்பதை உணர்வதற்காகவே இறுக்கமானவற்றை விரும்புவதுண்டு என்பதால், அச்சொல் சில வேளைகளில் தவறான வழிகாட்டியாகவும் அமைந்தது. புதிய காலணியைச் சிறிது நேரமே அணிந்து, கழற்றி, பாதத்தில் சிவப்பு தோன்றியுள்ளதா எனக் கண்ணால் காண்பதும், எவ்விடம் சூடேறியுள்ளது எனக் கையால் தொட்டறிவதும் வழக்கமாக்கப்பட்டன. வலி செய்துவந்த பணியைக் கண்ணும் கையும் ஏற்றன.

தோல்வேலை சாதிப் படிநிலையில் தாழ்த்தப்பட்டோர்க்குரியதாகக் கருதப்பட்ட சமூகத்தில், காலணிப் பட்டறை மருத்துவமனையின் ஒரு துறையாக இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. அறுவை மருத்துவரின் கத்தி சீராக்கிய பாதத்தைக் காப்பது காலணி செய்பவரின் உளியும் ஊசியுமே. கரிகிரி பிற்காலத்தில் காலணித் தொழில்நுட்பத்திற்கான பயிற்சிக்களமாகவும் விளங்கியது.

அணிபவரும் ஊரும்

பட்டறையில் தீர்ந்த சிக்கல் தெருவில் வேறுருவில் எழுந்தது. எம்.சி.ஆர். செருப்பின் கருநிறமும் பருத்த தோற்றமும் பிற செருப்புகளினின்று அதனை வேறுபடுத்திக் காட்டின. மருத்துவமனை வழங்கிய செருப்பு என்பது ஊரார்க்குத் தெரிந்தபின், அணிந்தவரின் நோய் வரலாறும் தெரிந்துபோயிற்று. நோய் நீங்கியும் வேலை மறுக்கப்படுவோமோ, மகளின் திருமணம் தடைபடுமோ என்னும் அச்சம் பலரைச் செருப்பைத் துறக்கச் செய்தது. அறியாமையால் அணியவில்லை என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. புண்ணின் இழப்பையும் புறக்கணிப்பின் இழப்பையும் நிறுத்துப்பார்த்து அவர்கள் எடுத்த முடிவு அது. பிற்காலத்தில் வண்ணங்களை மாற்றியும், கடைச்செருப்பை ஒத்த வடிவங்களில் அமைத்தும் காலணி செய்யப்பட்டமை, இம்முடிவை நிறுவனங்கள் காலந்தாழ்ந்தேனும் மதிக்கக் கற்றதைக் காட்டுகிறது.

காலணியைப் பற்றிய பண்பாட்டு வழக்கங்களும் இதில் பங்குகொண்டன. வீட்டு வாயிலிலும் கோயில் வாயிலிலும் செருப்பைக் கழற்றுதல் தமிழர் மரபு. உச்சிவெயிலில் கொதிக்கும் கோயில் கற்றளம் உணர்வற்ற பாதத்தைச் சுட்டுவிடும். வீட்டினுள் வெறுங்காலுடன் நடப்பதும் முன்பாதத்தின்மீது அழுத்தத்தைக் குவிக்கும். ஒடுக்கப்பட்ட மக்கள் ஆதிக்கச் சாதியினரின் தெருக்களில் செருப்பணிந்து நடக்கத் தடைவிதிக்கப்பட்டிருந்த ஊர்களில், மருத்துவரின் அறிவுரையும் சாதியின் கட்டளையும் ஒரே பாதத்தின்மீது மோதின. எனவே, எந்நேரமும் செருப்பணிக என்னும் எளிய அறிவுரை, அணிபவரின் சமூக இடத்தைப் பொறுத்து எளிதாகவோ இயலாததாகவோ ஆயிற்று.

கார்வில்லும் நீரிழிவுப் பாதமும்

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கண்ணாலும் கையாலும் அறிந்தவற்றை அங்குக் கருவிகளால் அளக்க முடிந்தது. அழுத்தம் மிகும் இடத்தில் உடைந்து சாயம் காட்டும் நுண்குமிழ்கள் கொண்ட காலுறையும், பாதத்தின் வெப்ப வேறுபாட்டைப் படமாக்கும் கருவியும் பயன்படுத்தப்பட்டன. வலிக்கு மாற்றாக மின்னணு எச்சரிக்கை அமைப்பொன்றை உருவாக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. ஒலியெழுப்பியும் மின்னதிர்வு தந்தும் எச்சரித்த அந்த அமைப்பை, கையிலிருந்த வேலையை முடிக்க வேண்டிய தேவை வந்தபோது அணிந்தவர்களே நிறுத்திவிட்டனர். வலியை அவ்வாறு நிறுத்திவைக்க இயலாது. அதன் ஆற்றலும் அதிலேயே உள்ளது. அணிபவரின் கவனத்தை வேண்டாது தானே காக்கும் காலணியின் இன்றியமையாமையை இத்தோல்வி மீண்டும் உறுதிப்படுத்தியது.

நீரிழிவு நோயும் பாத நரம்புகளை அழிப்பது. தொழுநோயர்க்கென உருவான மாவுக்கட்டு முறையும், மென்தளக் காலணியும், உருளும் அடித்தளமும், நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும் கார்வில் வழியாக நீரிழிவுப் பாத மருத்துவத்தில் இடம்பெற்றன. இன்று தமிழகக் கடைகளில் நீரிழிவு நோயாளிகளுக்கென விற்கப்படும் எம்.சி.ஆர். செருப்புகள் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. ஒரு காலத்தில் களங்கத்தின் அடையாளமாகக் கருதப்பட்ட பொருள், பெயர் மாறி, பொதுநுகர்வுக்கு வந்துள்ளது.

முடிவுரை

வேலூர், கரிகிரிப் பணிகள் உணர்த்தும் முதல் உண்மை, காலில் சுகமாக இருப்பதும் காலைக் காப்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதாகும். இரண்டாவது உண்மை, காக்கும் காலணியும் அணிபவரைத் தலைநிமிர்ந்து நடக்க விடாவிடில் வாசலிலேயே கிடக்கும் என்பதாகும்.

மூன்றாவதாக, அழுத்தத்தின் எண்ணிக்கையும் புண்ணுக்குக் காரணம் என்னும் முடிவு தொழிலாளர் வரலாற்றோடு தொடர்புடையது. எத்துணைச் சிறந்த காலணியும் அழுத்தத்தைப் பகிருமேயன்றி நீக்காது. அதனை நீக்குவது ஓய்வு ஒன்றே. கடைப் பணியாளர்க்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இவ்வகையில் பாத நலத்திற்கான ஏற்பாடும் ஆகிறது. தம் உள்ளங்காலின் உணர்வு குன்றியதை அறியாமலே நீரிழிவோடு நாள் முழுதும் நின்று பணியாற்றுவோர் பலர் உள்ள இக்காலத்தில், காலணியையும் இருக்கையையும் தனித்தனியே பேசுவது போதாது. கரிகிரிப் பட்டறையில் காலணி செய்தோரின் நினைவுகளும், அவற்றை அணிந்தும் அணிய மறுத்தும் வாழ்ந்தோரின் வாய்மொழி வரலாறுகளும் தொகுக்கப்படுமாயின், மருத்துவர்களை மையமிட்டு எழுதப்பட்டுள்ள இவ்வரலாறு நிறைவெய்தும்.