அலையின் சுருதி மாறிய காலம்

சிற்றிதழ் என்றால் சண்டையும் கூடவே வரும். யாழ்ப்பாணத்தில் 1975இல் அ. யேசுராசா, மு. புஷ்பராஜன் முதலிய நண்பர்கள் தொடங்கிய ‘அலை’ சஞ்சிகையும் அப்படித்தான் புறப்பட்டது. கருத்துச் சரியாக இருந்தால் மட்டும் கவிதை கவிதையாகிவிடுமா என்று அது முற்போக்கு அணியினரோடு வாதாடியது. நல்ல சினிமாவைப் பற்றியும் எழுதியது. எதிராளியை இலேசில் விடாத குரல் அது.

1981 யூன் தொடக்கத்தில் யாழ். பொது நூலகம் எரிந்தது. அலையில் எழுதிவந்த எம்.ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’, சேரனின் ‘இரண்டாவது சூரிய உதயம்’ ஆகிய கவிதைகள் அந்தச் சாம்பலில் பிறந்தவை. அதன்பின் இலக்கியச் சச்சரவு பின்னுக்குப் போயிற்று. சாட்சியம் முன்னுக்கு வந்தது.

மன்னார்க் கரையில் இருந்துகொண்டு அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்கிறேன். தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றது. அதே ஆண்டில்தான் சென்னை க்ரியா, நுஃமானும் யேசுராசாவும் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ நூலை வெளியிட்டது. அந்த டிசம்பரில் மன்னார்ப் பகுதியில் பொதுமக்கள் பலர் இராணுவத்தால் கொல்லப்பட்டனர். 1985 சனவரியில் வங்காலைப் பங்குத் தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு வெளியான, யேசுராசாவும் தொகுப்பாளராக இருந்த கவிதை நூலின் பெயரே ‘மரணத்துள் வாழ்வோம்’.

போர் வந்ததும் அழகியலைக் கைவிட்டார்கள் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. கோஷம் கவிதையாகாது என்று முன்னர் பிடித்த பிடிவாதந்தான், துயரத்தை உரத்துக் கூவாமல் சொல்லப் பழக்கியது. பழைய சண்டை வீண்போகவில்லை.

35 இதழ்களோடு அலை 1990இல் ஓய்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உட்பட மன்னாரின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அந்நியர் செய்த கொடுமைக்குச் சாட்சி சொல்லப் பழகிய நம் மொழி, நம்மவர் செய்ததைச் சொல்லும்போது தடுமாறியது. கொழும்பிலிருந்து வந்த ‘சரிநிகர்’, பின்னர் எம். பௌசரின் ‘மூன்றாவது மனிதன்’ போன்ற ஏடுகள் அந்தத் தடுமாற்றத்தைக் கடக்க முயன்றன.

போர்க்காலச் சஞ்சிகை ஒன்றின் சுருதியை, பகைவனைப் பற்றி அது எழுதியதை மட்டும் வைத்து அளக்க முடியாது. தன் வீட்டாரைப் பற்றி எழுதும்போது அந்தக் குரல் எவ்வளவு தணிகிறது என்பதையும் கேட்க வேண்டும்.